மூன்றாவது கொட்டேஷன்

கோவிந்தராஜ் ஒரு பேனா வாங்குவதென்றாலும் மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர். கோவில்பதாகையில் எங்கள் தெருவில் இது எல்லாருக்கும் தெரியும். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஆணி வாங்குவதானாலும் மூன்று இடத்திலிருந்து விலை கேட்டு எழுதி வாங்க வேண்டும். கொட்டேஷன் என்பார்கள். மூன்றும் வந்த பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஆர்டர் போடலாம். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏதோ அவசரத்தில் ஒரே ஒரு கொட்டேஷனை வைத்து வாங்கிவிட்டு, விசாரணை, சஸ்பென்ஷன் என்று அலைந்து பாதி ஆளாகிப் போனார். அதை இவர் கண்ணால் பார்த்தவர். அந்தப் பயம் இவரோடு சேர்ந்து ரிட்டையர் ஆகி வீட்டுக்கும் வந்துவிட்டது.

நான் அதே வளாகத்தில் தையல் பிரிவில் இருந்தவள். குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. பிறகு மனை வாங்கிக் கட்டியதும் அடுத்தடுத்துத்தான். அவர் மனைவி புஷ்பா எனக்குக் கூடப்பிறக்காத தங்கை. அதனால் இந்த மனிதரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. நல்லதையும் சொல்லிவிடுகிறேன்: அத்தனை வருஷ சர்வீஸில் எந்தக் கம்பெனிக்காரனிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. குடித்திருந்தாலாவது கொஞ்சம் இளகியிருப்பாரோ என்று எனக்கு எரிச்சல் வருகிறபோது தோன்றும்.

புஷ்பாவின் முட்டிவலிக்கு மூன்று டாக்டர். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வாங்க அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று ஊர். மூடி வருவதற்குள் தொட்டியில் எலி விழுந்து, தெருவே மூக்கைப் பிடித்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், லாவண்யா. பி.காம். படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, மத்திய அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்க உட்காருவாள். வருஷக்கணக்கில் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கட்டத்தில் சறுக்கும். வந்த வரன்களையெல்லாம் 'வேலை கெடச்சதும் பாத்துக்கலாம்மா' என்று தள்ளிக்கொண்டே போனாள். போன வருஷம் முதல் கட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறிவிட்டாள். இரண்டாம் கட்டம் ஒன்றுதான் பாக்கி. அதை விட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தேர்வு தை மாதம். எந்த ஊரில் என்பதைப் பத்து நாளைக்கு முன்னால்தான் தெரிவித்தார்கள். சென்னையைத்தான் கேட்டிருந்தாள், வந்தது வடக்கே ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், அந்த ஊர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. புஷ்பாவுக்கு அந்தப் பேர் கடைசி வரைக்கும் வாயில் நுழையவே இல்லை. 'அந்த ஊரு' என்றுதான் சொல்வாள். ரயிலில் இரண்டு ராத்திரி. முட்டிவலியோடு அவளால் முடியாது என்பதால் அப்பாவும் பெண்ணும் போவதாக முடிவாயிற்று. டிக்கெட்டும் கிடைத்துவிட்டது.

தங்க ஓர் அறை வேண்டும். லாவண்யா கெட்டிக்காரி. தேர்வு எழுதுகிறவர்கள் போனில் குழு வைத்திருக்கிறார்கள். அதில் கேட்டு அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஊரில் தேர்வு மையம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நேர் எதிரே ஒரு லாட்ஜ் இருக்கிறது. போன வருஷம் அங்கே தங்கி எழுதிய ஒரு பெண் நம்பரும் கொடுத்தாள். லாவண்யா தனக்குத் தெரிந்த இந்தியில் பேசிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஹாலுக்கு வந்தாள். நான் அப்போது புஷ்பாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, எதிர்லயே இருக்குப்பா. ரோட்டைக் கடந்தா சென்டர். முன்பணம்கூட வேணாமாம். பேரு மட்டும் சொன்னா ரூமை எடுத்து வச்சிடறேன்னு சொல்றாரு."

கோவிந்தராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லதும்மா. ஒண்ணுதானே வந்திருக்கு. இன்னும் ரெண்டு வரட்டும்."

"எதிர்லயே இருக்கும்போது எதுக்குங்க இன்னும் ரெண்டு?" என்றாள் புஷ்பா.

"தெரிஞ்சிக்கத்தான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணே, இது உங்க ஆபீஸ் இல்ல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். "மங்களம்மா, தெரியாத ஊரு. பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒரே இடத்தை நம்பி இறங்கி அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நான்தானே" என்றார். மகள்மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். அந்த உயிரையும் அவர் ஒழுங்குமுறைப்படிதான் வைத்திருந்தார்.

இரண்டாவது சீக்கிரம் கிடைத்தது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். மூன்றாவதுதான் இழுத்தடித்தது. இணையத்தில் இருந்த நம்பர்களில் ஒன்று எடுக்கவில்லை, ஒன்று இப்போது செருப்புக் கடையாம். கடைசியில் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த வடக்கத்திக் குடும்பத்துப் பையன் ரோஹித்தைப் பிடித்தார். அவனுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டு. விசாரித்துச் சொல்கிறேன் அங்கிள் என்றான். விசாரித்தான், அவன் சௌகரியத்துக்கு.

எதிர்வீட்டு வேம்புலி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். தினமும் வண்டியைக் கழுவும்போது கேட்பான். "சார், ரூம்பு போட்டாச்சா?"

"இன்னும் ஒண்ணு வரணும்ப்பா."

"இன்னா சார் நீ! பாப்பா பரிச்சைக்குப் போவுது. நீ இன்னாமோ ராக்கெட்டு வாங்கற மாரி குந்திகினு கீறியே! கெடச்ச ரூம்பப் புட்ச்சிப் போட்டுகினு போய்க்கினே இரு சார்."

கோவிந்தராஜ் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். லாவண்யா நடுவில் ஒருநாள், "அப்பா, அந்த லாட்ஜ்ல பேரை மட்டும் சொல்லி வச்சிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "சொல்லிட்டு அப்புறம் வேணாம்னா அவனுக்கு நஷ்டம்மா. தப்பு" என்றாராம். அவள் திரும்பக் கேட்கவில்லை. அப்பா பேச்சைத் தாண்டி வளர்ந்த பெண் இல்லை அவள்.

ரோஹித் ஒரு வழியாக நான்காம் நாள் கூப்பிட்டான். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் கல்யாண மண்டபம் ஒன்று, மாடியில் அறைகள் உண்டு. அன்று சாயங்காலம் கோவிந்தராஜ் ஒரு தாளில் கோடு போட்டு மூன்றையும் எழுதினார். தூரம், வெந்நீர், பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு, சாப்பாடு. எல்லாவற்றிலும் எதிர் லாட்ஜ்தான் முதலில் வந்தது. "பாத்தியா, முறையா செஞ்சா எவ்ளோ தெளிவா தெரியுது" என்று புஷ்பாவிடம் சொல்லிவிட்டு, தன் ஃபேக்டரி இந்தியில் தானே போன் போட்டார்.

லாட்ஜ் நிரம்பிவிட்டது. நாலாப்பக்கமிருந்தும் தேர்வு எழுத வருகிறவர்கள் பேர் சொல்லிவிட்டார்கள். பஸ் நிலையத்து ஹோட்டலும் அப்படியே. கணக்குக் காட்டுவதற்காகத் தேடிப் பிடித்த மூன்றாவதுதான் மிஞ்சியது.

"சரி விடு, மூணு மைல்தானே" என்றார். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று புஷ்பா சொன்னாள்.

அங்கே நடந்ததை லாவண்யா எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

தேர்வு காலையில். வெள்ளை வெளேரென்று மூடுபனி, கை நீட்டினால் விரல் தெரியாது. மண்டபத்துக்காரர் சொல்லி வைத்திருந்த பேட்டரி ரிக்‌ஷா தாமதமாகத்தான் வந்தது. அப்போதும் நேரம் இருந்தது. ஊருக்குள் போவதற்கு முன்னால் ஒரு ரயில்வே கேட். அது மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் பாதி கடந்து, சிக்னல் கிடைக்காமல் அப்படியே நின்றுவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம் போலிருக்கிறது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து புகுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். தேர்வுக்கு வந்த இன்னொரு பெண், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அவளும் புகுந்துவிட்டாள். லாவண்யாவும் கேட்டுக்கு அடியில் நுழைந்து தண்டவாளம் வரை போய்விட்டாள். குனியும்போது அப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. எப்ப நகரும்னு சொல்ல முடியாது."

இதில் அவரை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றவர்கள் யாராக இருந்தாலும் பிடித்துத்தான் இழுத்திருப்பார்கள். நானும் இழுத்திருப்பேன். அந்தத் தண்டவாளத்துக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான் எனக்கு ஆறவில்லை.

ரயில் நகர்ந்து, கேட் திறந்து, இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மையத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். கொஞ்சம் முன்னால்தான் என்றான் காவலாளி. கோவிந்தராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். பென்ஷன் அட்டையைக் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் விதியை மீறச் சொல்லிக் கெஞ்சினார். "இது என் பொண்ணு, இதான் கடைசித் தடவை" என்று இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாராம். காவலாளி நல்லவனாகத்தான் இருந்திருக்கிறான். அவனும் கையெடுத்துக் கும்பிட்டான். கதவைத் திறக்கவில்லை.

திரும்பினார்கள். எதிரே லாட்ஜ். பனியில் முதலில் பலகைதான் தெரிந்ததாம். கோவிந்தராஜ் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நின்றிருக்கிறார். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஆள் இவர்களைப் பார்த்துவிட்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டு, டீ கொடுத்தான். அவன்தான் முதலாளி. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். மெட்ராஸ் என்றதும் லாவண்யாவைப் பார்த்து, "நீதானேம்மா போன்ல பேசினே? அன்னிக்கே பேரைச் சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே" என்றான். வருத்தப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறான்.

"அவர் மட்டும் டீ கொடுக்காம இருந்திருந்தா நான் அழுதிருக்க மாட்டேன் ஆன்ட்டி" என்றாள் லாவண்யா.

திரும்பும் ரயில் மறுநாள்தான். அந்த மண்டபத்து அறையில் அப்பாவும் பெண்ணும் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே யாருக்கோ கல்யாணம், மேளமும் பாட்டும். அவர் ஏதாவது பேசுவார் என்று அவள் காத்திருந்தாளாம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சாப்பிடலையா என்று அவள் கேட்டதற்குக் கூடத் திரும்பவில்லை.

ஊருக்கு வந்த பிறகு வீட்டில் சண்டை எதுவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. லாவண்யா புத்தகங்களை மூட்டை கட்டி மேனாம்பேட்டில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள், அப்பாவுக்குக் காபி கொடுத்தாள். வேம்புலிகூட ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "பாப்பா மொகத்தப் பாக்க முடியலக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சித்திரையில் ஒரு வரன் வந்தது. சென்னீர்குப்பத்துப் பையன், ஸ்ரீகாந்த் என்று பேர். வண்டி உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்ணுக்கு வயது இவ்வளவா என்று மூஞ்சியைச் சுளிக்காத குடும்பம். புஷ்பா என்னையும் கூப்பிட்டிருந்தாள். போட்டோவைக் கையில் வாங்கிய கோவிந்தராஜ் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நல்ல இடம். இதையே முடிச்சிடலாம். நாளைக்கே வரச் சொல்லு" என்றார்.

புஷ்பா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். மனிதர் மாறிவிட்டார், பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் இப்படிக் கேட்கிறார் என்று புரிந்தது. லாவண்யாவுக்கும் புரிந்திருக்கும். அவள் கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"ஒண்ணுதானேப்பா வந்திருக்கு. இன்னும் ரெண்டு வரட்டும்."

கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, "அப்புறம் எது மிஞ்சுதோ அது எனக்கு" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வாய் நீளம். யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு மனிதரை உட்கார்ந்த இடத்திலேயே இப்படிச் சாய்க்கிற வார்த்தை எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லை. கோவிந்தராஜ் போட்டோவைத் திரும்ப உறையில் போட்டார். தலைகீழாகப் போய்விட்டது, எடுத்து நேராக வைத்தார். "சரிம்மா" என்றார், ஆபீஸில் சொல்வதைப் போல.

சென்னீர்குப்பத்துக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். அவர்கள் பொறுக்கவில்லை. ஆவணியில் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வரன் எதுவும் வரவில்லை.

கோவிந்தராஜ் இப்போது கடைக்குப் போவதில்லை. பேனா தீர்ந்தாலும் லாவண்யாதான் வாங்கி வருகிறாள், முதல் கடையிலேயே.