கண்ணாடியில் ஊர்ந்த நத்தை

"கத்துற வாய்க்குக் கஞ்சி, கத்தாத வாய்க்கு..." என்று பெரியப்பா ஏதோ சொல்வார், மீதி ஞாபகத்தில் இல்லை. வண்ணமீன் கடைக்காரன் நாளெல்லாம் கத்தாத வாய்களோடுதான் குடித்தனம் நடத்துகிறான். நீங்களும் கடை வைத்தவர் என்றால், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லியிருப்பீர்கள். துபாயிலிருந்து திரும்பி சேக்காட்டில் கடை போட்ட நானும் நிறையச் சொன்னேன்.

பட்டுத்துண்டு

ஒருமுறை கடல்மீன்களோடு ஓடில்லாத கடல்நத்தை ஒன்று வந்தது. விரல் நீளம். வெளிர்நீல உடம்பில் கருங்கோடுகள், சுற்றிலும் ஆரஞ்சுக் கரை. தலையில் இரண்டு கொம்பு. அதற்கு அதுதான் மூக்கு. முதுகின் பின்பக்கம் பூப்போல விரிந்திருப்பது செவுள். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆட்டோ ஓட்டும் குமார் குனிந்து பார்த்தான்.

"இன்னா நைனா, பட்டுப்பொடவயக் கிழிச்சித் தண்ணில வுட்டாமாரி கீது!"

சுறுசுறுப்பு

வாங்கியவர் மல்லிகா அக்கா. பக்கவாதத்தில் பேச்சுப் போய்ப் படுத்துவிட்ட கணவருக்காகக் கட்டிலோரம் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். என்ன போடுவது என்று கேட்டார். மீன் தீனியே போதும் என்றேன். இரண்டு நாள் கழித்து போன்: அது ஓயாமல் கண்ணாடியில் ஏறி இறங்குகிறதாம். நடமாட்டம் இருந்தால் ஆரோக்கியம்தான் என்றேன். அக்கா சிரித்தார்.

"இவரும் கண்ண எடுக்காம அதையே பாக்குறாரு தம்பி. ரெண்டு பேருக்கும் பொழுது போவுது."

ஒரே பண்டம்

மூன்றாம் வாரம், நத்தை பாதியாகச் சுருங்கிவிட்டது என்று மறுபடி போன் செய்தார். அப்போதுதான், அதை அனுப்பிய ராமேஸ்வரம் பக்கத்து வியாபாரியைக் கேட்டேன். அது ஒரே ஒரு வகைக் கடற்பஞ்சை மட்டுமே தின்னுமாம். அந்தப் பஞ்சின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால்தான் மீன்கள் அதைத் தொடுவதில்லையாம். பட்டினி கிடந்து சாகுமே தவிர, வேறெதிலும் வாய் வைக்காதாம். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லியே சார்."

சிலேட்டு

அக்கா வீட்டுக்கு ஓடினேன். தொட்டி மூலையில் நத்தை நகமளவு சுருண்டு, செத்துக் கிடந்தது. கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று நடந்ததைச் சொன்னேன். அவர் இடது கையால் எழுதும் சிலேட்டை அக்கா எடுத்துத் துடைத்தார், அதில் ஒன்றும் இல்லாதபோதும்.

"அது பசியில தேடுதுன்னு அவரு அன்னிக்கே எழுதிக் காட்டுனாரு தம்பி. நீங்க ஆரோக்கியம்னு சொன்னீங்களேன்னு நாந்தான் அழிச்சுட்டேன்."

அன்றிலிருந்து, என்ன தின்னும் என்று எனக்கே தெரியாத உயிரை நான் விற்பதில்லை.