அதிபரின் ஒரு சென்டிமீட்டர்

எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு உயரம் அளக்கும் கையடக்கக் கருவிகள் இரண்டு வந்தன. ஒன்று, துண்டு துண்டாகக் கழற்றிப் பையில் போடக்கூடிய அளவுகோல். மற்றது, உச்சந்தலையில் வைத்தால் தரைக்குச் சிவப்பு ஒளி பாய்ச்சி உயரம் சொல்லும் சின்னப் பெட்டி. எது நம்பகமானது என்று பார்த்து வர, டொக்டர் என்னையும் சக ஊழியர் ஒருவரையும் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அனுப்பினார். ஒரே ஆளை இரண்டாலும் அளக்க வேண்டும்.

சக ஊழியர் மாத்தளை டவுன் முஸ்லிம் பெண். சிரிக்காமலே கேலி செய்வார்.

காலை முழுக்கப் பிள்ளைகளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்தோம். "சேர், இது தலையைச் சுடுமா?" என்று ஒரு சின்னவள் கேட்டாள். இரண்டு கருவிகளும் கிட்டத்தட்ட ஒரே கணக்கைத்தான் சொல்லின.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர்கள். பாடசாலை அதிபரும், அங்கேயே படிப்பிக்கும் அவர் மனைவியும் வந்தார்கள். யார் உயரம் என்பது அந்த வீட்டில் பல வருஷத்துச் சண்டையாம்.

"கல்யாண போட்டோவுலயே நான்தான் உசரம்," என்றார் அதிபர்.

"அதுல நீங்க படியில நின்னீங்க," என்றார் டீச்சர்.

அளவுகோல் டீச்சருக்கு 166 சென்டிமீட்டர் சொன்னது. அதிபருக்கு 165. அவர் முகம் சுண்டிப்போனது. பிள்ளைகள் நின்ற இடத்தில் இனி நிற்க மாட்டேன் என்று தன் மேசைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கே சிவப்பு ஒளிப் பெட்டி அவருக்கு 167 கொடுத்தது. கரும்பலகையருகே டீச்சருக்கு அதே 166.

"பாத்தீங்களா! புது மெஷின் பொய் சொல்லாது!"

மறுபடியும் இரண்டு தரம் அளந்தேன். இரண்டு தரமும் 167. நானும் நம்பிவிட்டேன்.

சக ஊழியர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார். மேசைக்கால் உரசி உரசிச் சீமெந்தில் ஒரு குழி. சிவப்புப் புள்ளி சரியாக அதற்குள் விழுந்திருந்தது.

"நாங்க அதிபர் சேரை மட்டும் அளக்கல்ல. சேரையும் பள்ளத்தையும் சேர்த்து அளந்திருக்கோம்."

கரும்பலகைப் பக்கம் கூட்டி வந்து அளந்தோம். 165. யன்னலில் தொங்கிய பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீச்சருக்கும் அப்படித்தான் போல.

"பின்னேரமானா எல்லாருமே கொஞ்சம் குறைவாங்க," என்றார் கணவரிடம்.

அது உண்மைதான். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு சற்று அமுங்கிவிடும். அதிபர் அந்த வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்குக் காலையில வாங்க, தம்பி."

கருவிகளைச் சரிபார்க்க எங்களுக்கும் எப்படியும் இரண்டாவது தடவை அளக்க வேண்டியிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். அதிபர் முன்கூட்டியே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் தயாராக நின்றார். 166! ஆளுக்கொரு பிளேன்டீ வரவழைத்தார். நாங்கள் அதைக் குடித்து முடிப்பதற்குள் டீச்சர் சாவகாசமாக வந்து நின்றார். 167.

அதிபர் எண்ணை எட்டிப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

சமதளத்தில், ஒரே நேரத்தில் அளந்தால் இரண்டு கருவிகளுமே போதும் என்று அறிக்கை எழுதினோம். கிளம்பும்போது அதிபர் கேட் வரை வந்தார்.

"எழுதுறது எழுதுங்க. என் பேரை மட்டும் போட்டுறாதீங்க."

போடவில்லை. இங்கேயும் போடவில்லை.