மீன் தொட்டிக்குச் சொன்ன சாட்டு

மகளுக்கு வாங்கிக் கொடுத்தபோது அந்த ஒஸ்கார் மீன் அவளுடைய சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. எவ்வளவு வளரும் என்று நான் கேட்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் என் உள்ளங்கையை விடப் பெரிதாகிவிட்டது. அது திரும்பும்போது வால் கண்ணாடியில் உரசும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் அதன் முன்னால் உட்கார்ந்து, "வாப்பா, இதுக்கு நீந்த இடமில்ல" என்பாள்.

நான் கல்முனையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். புதுத் தொட்டியை நினைத்துப் பார்க்க முடியாது. நிந்தவூரில் ஒருவர் பாவித்த பெரிய தொட்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். தன் மகளுக்குக் கல்யாணம் முடித்து, வீட்டையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, அவரும் மனைவியும் பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போகிறார்களாம். தொட்டிக்கு அங்கே இடமில்லை. போனில், அண்ணன் முறை வைத்துக் கதைத்தேன். "விலையப் பத்திப் பிரச்சினையில்ல காக்கா, தொட்டி நல்லா இருந்தாச் சரி" என்றேன். கடைக்கு வரும் வசதியான ஆட்கள் கதைக்கும் கதை அது. என் வாயில் எப்படி வந்ததோ.

ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு மகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கசிவில்லை என்று காட்டுவதற்காக, அவர் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்பி வைத்திருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அவருடைய மனைவி தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தார். மகள் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள்.

விலையைச் சொன்னார். நியாயமான விலைதான், ஆனால் என் சம்பளத்தில் பாதி. ஏற்றிவர லொறிக் கூலி வேறு. காசு காணாது என்று சொல்லியிருக்கலாம். போனில் அப்படிக் கதைத்துவிட்டு, நனைந்த சட்டையோடு நிற்கும் மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வீடு பொஞ்சாதிட பேரில காக்கா," என்றேன். "அவ இவ்வளவு பெரிய தொட்டி வேணாமெண்டு நிக்கிறா. நாம என்ன செய்ய ஏலும்?"

அவர் சிரித்தார். "ஓம் தம்பி. நானும் இப்ப மகள்ட வீட்டிலதானே இரிக்கன்."

வரும் வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் கேட்டாள். "உம்மாவா வேணாமெண்ட?"

"பாப்பம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் உம்மாவோடு சரியாகக் கதைக்கவில்லை. தலை பின்ன உட்காரமாட்டாள். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள். "இவளுக்கு என்ன வந்த?" என்று மனைவி என்னிடம்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்திருக்கும் என்று சொல்லி அதையும் மூடினேன்.

ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மனைவி அபாயாவைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். நிந்தவூர்க்காரரின் மனைவியை அங்கே கண்டிருக்கிறாள்; இவள் என் மனைவி என்று யாரோ அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். பெண்கள் நிறைந்திருந்த அறையில் அந்த ராத்தா, "நீங்கதானா, வீடு என்ட எண்டு சொல்லி மீன் தொட்டி வேணாமெண்ட ஆள்? புள்ளட முகத்தப் பாத்திருந்தா அப்பிடிச் சொல்லமாட்டீங்க" என்றாராம்.

"நீங்க என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"சிரிச்சிட்டு இருந்தன். அத்தன பேருக்கு முன்னால உங்களப் பொய்யனாக்க ஏலுமா?" பிறகு மெதுவாகக் கேட்டாள். "இத என்ட வீடெண்டு நான் எப்பயாவது சொல்லிரிக்கனா?"

சொன்னதேயில்லை. நம்மட வீடு என்றுதான் சொல்வாள், அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டை.

மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். "உம்மா வேணாமெண்டு சொல்லல்ல மகள். நான் உம்மாக்கிட்டக் கேக்கவேயில்ல. என்னட்டக் காசு காணாது. அதச் சொல்ல வெக்கமா இருந்திச்சி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. உம்மாவிடம் போய் அபாயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மனைவி போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். நிந்தவூர்க்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டு தவணையா வாங்கியிருப்பனே தம்பி. இப்ப காரைதீவில ஒரு வாத்தியாருக்குக் குடுத்திட்டன். அவருக்கிட்டச் சின்ன மீன் கூட இன்னும் இல்ல. கதச்சிப் பாருங்க."

மீனை அந்த வாத்தியாருக்கே கொடுத்துவிடுவதென்று அவரோடு கதைத்து முடிவெடுத்து, அதை மூடி போட்ட வாளியில் வைத்து ஓட்டோவில் காரைதீவுக்குப் போனோம். மகள் பின்னால் உம்மாவோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். மீனைப் பார்த்ததும் வாத்தியாருக்கு நல்ல சந்தோசம். "இவ்வளவு வடிவான மீன ஏன் குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"பெரிய தொட்டி வாங்க எங்களுக்கு வசதி காணாது சேர்" என்றேன். மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாத்தியார், "அதுக்கென்ன, புள்ள வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மீனை மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார்.

இதெல்லாம் முடிந்து இவ்வளவு நாளாகியும், அந்த நிந்தவூர் ராத்தா கடைக்கு வந்தால் நான் துணி எடுக்கிற மாதிரி உள்ளே போய்விடுகிறேன். அவர் போனபிறகுதான் வெளியே வருகிறேன்.