என் வாடிக்கையாளரை எனக்கே விற்றார்கள்

பாலக்கரையில் நான் பழைய கார் விற்கிறேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வியாபாரம் என்று கேட்டவர்களில் பாதிப் பேர் பின்னால் என்னிடமே வந்து கார் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கதை இன்னொரு நாள் சொல்லலாம். இது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்த சண்டை.

பழைய கார் விற்கும் ஒரு இணையதளத்தின் ஆட்கள் முதல் முறை கடைக்கு வந்தபோது அவ்வளவு பணிவாகப் பேசினார்கள். உங்கள் கார்களைப் படம் எடுத்துப் போடுங்கள், இப்போதைக்குக் காசே வேண்டாம் என்றார்கள். போட்டேன். வியாபாரம் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர்களும் மருங்காபுரிப் பக்கத்துக்காரர்களும் ஃபோனில் படத்தைக் காட்டிக்கொண்டே வந்து இறங்கினார்கள். கொஞ்ச நாளில் மாதச் சந்தா என்று ஒன்று வந்தது. அப்புறம் 'லீட்' வந்தது. கார் வேண்டும் என்று யாராவது தன் ஃபோன் நம்பரைப் பதிந்தால், அந்த நம்பரை நான் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதே நம்பரை ஊரில் இருக்கிற மற்ற கடைக்காரர்களுக்கும் விற்பார்கள். ஒரே தேங்காயை நாலு பேரிடம் விற்றால் நம் மார்க்கெட்டில் உதை விழும். இதற்கு டெக்னாலஜி என்று பெயர்.

என் வீட்டுக்காரர் கல்லூரியில் வணிகவியல் சொல்லித் தருகிறவர். அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது ஆசையாகப் பங்கு வாங்கிப் போட்டார். வாங்கிய நாளிலிருந்து அது நஷ்டத்தில்தான் ஓடியது. நான் ஒரு மாதம் தவணை தள்ளிக் கட்டினால் பேங்கில் முகத்தைச் சுளிக்கிறார்கள், அவர்கள் வருடா வருடம் நஷ்டம் காட்டிவிட்டு கிரிக்கெட்டுக்கு நடுவில் விளம்பரம் போடுகிறார்களே, இது என்ன கூத்து என்று கேட்டேன். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே விளக்கினார். முதலில் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டி, கார் வாங்குகிறவர்களை எல்லாம் தங்கள் பக்கம் இழுப்பார்களாம். வாங்குகிறவன் அங்கே போய்விட்டால் விற்கிறவனுக்கு வேறு போக்கிடம் இருக்காதாம். அதற்கப்புறம் விற்கிறவனிடம் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகலாமாம். அந்த விற்கிறவள் எதிரே உட்கார்ந்து அவருக்கு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். அது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள் காலையில் ஒரு லீட் வந்தது. காசு கட்டித் திறந்தேன். நம்பரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கிற ஐயங்கார் மாமா அவர். முன்பு ஓட்டியதும் இப்போது ஓட்டுவதும் என்னிடம் வாங்கிய கார்கள்தான். அவர் பெண் கல்யாணத்துக்கு நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். உடனே கூப்பிட்டேன்.

"அடியேன் உங்க கடைக்குத்தாம்மா வரதா இருந்தேன். இப்போ என்ன விலை போறதுன்னு பார்த்துண்டு வருவோமேன்னு நம்பரைப் போட்டேன். அதுலேர்ந்து யார் யாரோ கூப்பிட்டு, காலம்பற பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ண விடமாட்டேங்கறா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வருடக்கணக்காகப் பழகிச் சம்பாதித்த மனிதரை எனக்கே விற்றிருக்கிறார்கள். நானும் கேனச்சி மாதிரி காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அன்றைக்கே அந்தக் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு சந்தா நின்றது என்றேன். நாங்கள் காட்டாவிட்டால் உங்கள் கடை இருப்பதே யாருக்கும் தெரியாது என்று அவர் பணிவு மாறாமல் சொன்னார். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று வைத்துவிட்டேன்.

மாமா வந்து, முட்டி வலிக்குத் தோதாக கிளட்ச் இல்லாத வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கடை ஈ ஓட்டியது. கார்களைத் துடைத்துத் துடைத்துப் பெயிண்ட் போய்விடுமோ என்றிருந்தது. வாடகை நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் அந்த மேனேஜர் நம்பரை நான் தொடவில்லை.

அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், வீட்டுக்காரர் ஃபோனை நீட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கம்பெனி முதல் தடவையாக லாபம் காட்டியிருக்கிறதாம். எப்படி வந்ததாம் என்று கேட்டேன். விற்பனையாளர்களிடமிருந்து கிடைக்கும் கட்டண வருவாய் கூடியதால் என்று சத்தமாக வாசித்தவர், பாதியில் குரலைத் தாழ்த்தினார். நிமிர்ந்து, காலியாகக் கிடந்த வாடிக்கையாளர் நாற்காலியைப் பார்த்தார். அப்போதும் வாத்தியார் புத்தி போகவில்லை.

"நீ ஒருத்தி நின்னுட்டா அந்தக் கம்பெனிக்கு என்ன ஆயிடப் போவுது? உன் கடைதான் போகும். பேசாம திரும்பக் கட்டிடு."

"கம்பெனிக்கு ஒண்ணும் ஆக வேண்டாங்க. நல்லா இருக்கட்டும். என் கல்லாவுலேர்ந்து எடுத்த காசை லாபம்னு எனக்கே வாசிச்சுக் காட்டாதீங்க."

அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். பங்கை விற்றாரா, வைத்திருக்கிறாரா என்று இதுவரை நான் கேட்கவில்லை. அது அவர் காசு. இந்த மாத வாடகையை என் வளையலை வைத்துக் கட்டினேன். அடுத்த மாதம் எப்படி என்று தெரியாது. கடையை மூடும்படி ஆனாலும் ஆகலாம். அப்படி ஆனால் ஷட்டரை நானே இழுத்துப் பூட்டுவேன். என் ஆட்களை எனக்கு விற்க இனி எவனுக்கும் பத்துப் பைசா தர மாட்டேன்.