முழுசாகப் போகாத பானிபூரி

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருமுனை பானிபூரி வண்டியில்தான் அதைக் கவனித்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, பூரியைத் தட்டிலேயே உடைத்துத் துண்டு துண்டாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். என் தட்டை வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

அப்பாவும் கடைசி சில வருஷம் அப்படித்தான் சாப்பிட்டார். "கல்யாணப் பொண்ணு மாதிரி இன்னா வெக்கம்?" என்று அம்மா கிண்டல் செய்வாள். குட்கா மென்று மென்று வாய் இறுகிப்போயிருந்தது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? புற்றுநோய் என்று சொன்னபோது கன்னத்துக்குள் புண் பெரிதாகிவிட்டிருந்தது. மாமா வாயிலும் எந்நேரமும் குட்காதான்.

அப்பா போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். கார்மெண்ட்ஸில் காஜா போடுகிறேன். ஆனால் அப்பாவுக்கு ரேடியேஷன் நடந்தபோது போகிற வருகிற டாக்டர், நர்ஸ் எல்லோரையும் கேள்வி கேட்டே துளைத்திருக்கிறேன். வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை வெந்நீரில் போட்டு, இளகியதும் அப்பாவின் முகத்தில் அழுத்தி முகமூடி செய்தார்கள். தலை அசையக்கூடாது, தினமும் அதே இடத்தில் கதிர் விழவேண்டும், அதற்குத்தான் என்றாள் நர்ஸ். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை மறந்து நின்றுவிட்டேன். எப்படியெல்லாம் யோசித்திருக்கிறார்கள்!

மூன்று விரல் விஷயமும் அங்கே தெரிந்துகொண்டதுதான். விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைகிறதா என்று பார்க்கவேண்டும்; மூன்றும் நுழையாவிட்டால் வாய் இறுகுகிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு ஒன்றுதான் நுழைந்தது.

"மாமா, மூணு விரல வாயில வெச்சிக் காட்டு."

"இன்னாடி, நடுரோட்ல விரல் சூப்பச் சொல்றியா?"

"வெய்யி மாமா!"

இரண்டுக்கு மேல் போகவில்லை. செல்போன் டார்ச்சை அடித்தேன். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. பானிபூரிக்காரரும் எட்டிப் பார்த்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொஞ்சம் சதை வெட்டியெடுத்து டெஸ்ட் பண்ணவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் மாமா எழுந்துவிட்டார்.

"கத்தி பட்டா பரவிடும். உங்கப்பனுக்கு அப்படித்தான் ஆச்சு."

அப்பாவும் இதையே சொல்லித்தான் டெஸ்டை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். கத்தி பட்டால் பரவுமா என்பதையும் நான் அப்போதே டாக்டர்களிடம் கேட்டிருந்தேன்.

"கத்தியால பரவல மாமா. கத்திக்குப் பயந்து வீட்லயே உக்காந்தாரு, அதுக்குள்ள அது வளந்துடுச்சு. இன்னான்னே தெரியாம எந்த மருந்தக் குடுப்பாங்க? நீயும் போயிட்டா எங்களுக்கு யாரிருக்கா?"

மாமா மறுபடி உட்கார்ந்தார்.

"நோவாம வெட்டச் சொல்லு."

"ஸ்வல்ப பாயி தெகிரி" என்று டாக்டரம்மா கன்னடத்தில் சொல்ல, மாமா முடிந்தவரை வாயைத் திறந்தார்.

ரிசல்ட் வந்தது. புற்று இல்லை! நான் வராந்தாவில் குதித்தேவிட்டேன். டாக்டரம்மா அதட்டினார்: இப்போதைக்குத்தான் இல்லை, குட்காவை விடாவிட்டால் அந்தத் திட்டு மாறலாம், சொன்ன தேதிக்கெல்லாம் வந்து காட்டவேண்டும். இப்போதைக்கு இல்லை! அப்பாவுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையே.

வாய் திறக்கப் பயிற்சி உண்டு. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, நாளாக ஆக ஒவ்வொன்றாகக் கூட்டவேண்டும். ஆட்டோ ஓட்டுகிற மாமா ஸ்டாண்டிலேயே அதைச் செய்கிறார்.

"இன்னா குரு, ஐஸ நக்கிட்டு குச்சியையும் கடிக்கிறியா?" என்று மற்ற டிரைவர்கள் கலாய்க்கிறார்கள். குச்சி இருப்பதால் திட்டவும் முடியாது. குட்கா போடவும் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அந்த வண்டிக்குப் போனோம். மாமா இன்னும் உடைத்துத்தான் சாப்பிடுகிறார். இருக்கட்டும். பக்கத்தில் யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், அவரும் பூரியை உடைத்துக்கொண்டிருந்தார். மாமா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம்டி, அடி வாங்கப்போற."

அதற்குள் நான் கேட்டுவிட்டிருந்தேன்:

"அண்ணா, மூணு விரல வாயில வெச்சிக் காட்டுறீங்களா?"