மெஷினுக்குள் நின்ற தண்ணீர்

அந்த வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது மெஷின் பாதியில் நின்றிருந்தது. கதவைத் திறந்தேன். அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர். மேலே சின்னக் கண்ணாடியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் இரண்டு எண்களும் விட்டு விட்டு மின்னின.

பாத்திரம் கழுவும் மெஷின் அது. வீட்டில் மெஷின் என்று மட்டும்தான் சொல்வோம். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் எங்கள் வீட்டு வரிசையில் வேறு யாரிடமும் அது இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் போன வருடம் வாங்கி அனுப்பினாள். அம்மாவின் கைக்காக அனுப்பினாள்.

என் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். சவுக்காரத் தண்ணீர் அவள் விரல்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நுனியில் தோல் வெடித்து, காய்ந்து, மறுபடி வெடிக்கும். பட்டுத்துணியைத் தொட்டால் வெடிப்பில் இழை மாட்டி இழுத்துவிடும். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் ரத்தம் பொட்டுபோலப் பட்டுவிட, அதே நிறத் துணி தேடி ஈப்போ டவுன் முழுக்க இரண்டு நாள் அலைந்திருக்கிறோம். ஆஸ்பத்திரி டாக்டர் கையைச் சவுக்காரத்தில் வைக்கவே கூடாது என்றார். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள். அதில் இன்னும் மோசமாகத் தடித்தது. நாங்கள் இருவரும் கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பர் தோட்டத்துப் பெண்ணுக்கு ரப்பர் ஆகவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

மெஷின் வந்தபின் விரல் பெரும்பாலும் ஆறியது. ஒரு வருடம் ஊசி ஒழுங்காக ஓடியது. அதை நான்தான் கெடுத்தேன். அது எனக்கு அந்த எழுத்து மின்னும்போதே தெரியும்.

மெஷின் வந்தும் ஒரு வேலையை மட்டும் அவள் விடவில்லை. வியாழக்கிழமைதோறும் சாமி விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பாள். வெடிப்பில் புளி படும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். மெஷினில் போடலாமே என்று ஒருமுறை சொன்னேன். "மீன் தட்டு போற எடத்துல சாமி வெளக்கா? நல்லா சொன்னீங்க," என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

நான் டயர் கடையில் வேலை செய்கிறேன். எனக்கு ஓய்வு நாள் வியாழன். அந்த வியாழன் அவள் நூல் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கு முந்தின நாள் அவள் கை புளியில் படாமல் போகட்டும் என்று நினைத்தேன். தீட்டு இல்லாமல் செய்ய எனக்குத் தெரிந்த வழியையும் செய்தேன். முதலில் மெஷினை வெறுமையாக இரண்டு முறை சுடுதண்ணீரில் ஓடவிட்டேன். அடியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. மீன் முள்ளும் சோற்றுப் பருக்கையும் தங்குகிற இடம். அதுதான் தீட்டு என்று கழற்றி வெளியே வைத்தேன். பிறகு விளக்குகளில் புளியை அப்பி உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தினேன்.

வெளியே எடுத்தபோது விளக்குகள் மங்கலாக, திட்டுத்திட்டாக இருந்தன. துணியால் துடைத்துச் சாமி மேடையில் வைத்தேன். வடிகட்டியைத் திரும்ப மாட்டினேன். அவள் வந்ததும் நான் தேய்த்துவிட்டேன் என்றேன். அவள் விளக்குகளை ஒரு பார்வை பார்த்தாள். நூல் பையைத் தையல் மேசையில் வைக்கப் போனாள்.

மறுநாள் மெஷின் நின்றது. அன்று மாலை அவளுடைய இரண்டு விரல்களில் புதிதாகப் பிளாஸ்டர். மெஷின் நின்றதால் பாத்திரத்தைக் கையால் கழுவியிருக்கிறாள் என்று நினைத்தேன். இரவுப் பாத்திரத்தை நானே கழுவினேன்.

சனிக்கிழமை வேலைக்குக் கிளம்புமுன் பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். யாரிடமும் போனில் பேசுவது எனக்குச் சுலபமில்லை. சொல்ல வேண்டியதை மலாயில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் எண்ணை அழுத்துவேன். பேசியவர் பொறுமையானவர். உள்ளே வேறு ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். சாதாரணத் தட்டுகள்தான் என்றேன். வாயில் புளி என்ற சொல் வரவில்லை. மனைவி பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்தான் போயிருக்கும், புதியது கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும், ஒன்றரை மாதம் ஆகும் என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம். தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அவளுடைய மேசையில் பதினோரு ரவிக்கைத் துணி வெட்டாமல் கிடந்தது. நான் வேலைக்குப் போனபின் பகலில் அவள் சும்மா இருக்கமாட்டாள். என் வெட்கத்துக்காக அவள் விரல் போகக்கூடாது. நானே திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆங்கிலம் வராது. மலாய்ப் பக்கங்களைக் கண்டுபிடித்து விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அந்த எழுத்தும் எண்ணும் தண்ணீர் வெளியேறவில்லை என்பதற்கு அடையாளம். அதற்குக் கீழே ஒரு கட்டத்துக்குள், வடிகட்டி இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

சனி மாலை தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். வடிகட்டியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். கடுகும் தேங்காய்ப்பூவும் வந்தன. ஓட்டினேன். இருபது நிமிடத்தில் நின்றது. பின்பக்கம் கையை விட்டுக் குழாயைத் தடவினேன், சுவரோரம் மடிந்திருந்தது. நிமிர்த்தி வைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே எழுத்து.

"என்னங்க, விடுங்கலா. அது போயிருச்சு," என்றாள் மனைவி. "மெஷின் வர்றதுக்கு முன்னாடி நாம தட்டுல சாப்பிடலயா?"

நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

"டயரா இது, கழட்டி மாத்துறதுக்கு?"

ஞாயிறு டயர் கடை மதியம்தான் திறக்கும். காலைப் பலகாரம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. வடிகட்டிக்குக் கீழே பம்பை மூடியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடி, அதைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுக்கும் கை. சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீரை மொண்டுவிட்டு, கரண்டியால் நெம்பினேன். வரவில்லை. கரண்டி வளைந்தது. இன்னொரு கரண்டி எடுத்தேன். கையைத் திருப்பி வேறு பக்கத்திலிருந்து நெம்பினேன். மூன்றாவது முறை 'டக்' என்று வந்தது. உள்ளே விரலை விட்டேன். சின்ன விசிறிபோல ஒன்று. அதைச் சுற்றப் பார்த்தேன். அசையவில்லை. விசிறிக்கும் சுவருக்கும் நடுவில் வழுவழுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் நெருடி நெருடி வெளியே எடுத்தேன். கையில் பார்த்தால், தண்ணீரில் ஊறி உப்பிய புளியங்கொட்டை. விசிறி இப்போது விரல் பட்டதும் சுற்றியது.

மனைவி என் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"புளியங்கொட்டையா? என் ரசத்துல ஏது கொட்டை?"

அவள் ரசத்துக்குப் புளியைப் பிழிந்து வடிகட்டுவாள். ஒரு நார்கூட வராது. அது எனக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். மெஷினுக்குள் பார்த்துக்கொண்டே வியாழக்கிழமை செய்ததைச் சொன்னேன். வெறும் மெஷினை இரண்டு முறை ஓட்டியது, வடிகட்டியைக் கழற்றியது, போனில் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மீன் தட்டு போற எடத்துல."

"ஆமா."

"அதத்தான் நான் வெள்ளிக்கெழம ஏத்தியிருப்பேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஏற்றியிருப்பேன் என்றால்?

"கண்றாவியா இருந்துச்சு வெளக்கு. ஒங்கள்ட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு, விடியறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் திரும்பத் தேய்ச்சேன். அதனால தப்பிச்சீங்க."

பிளாஸ்டர் சுற்றிய இரண்டு விரல்களையும் மடியில் வைத்திருந்தாள். பாத்திரம் கழுவி வெடித்தவை என்று நான் நினைத்திருந்த விரல்கள். அவள் கையைப் புளியிலிருந்து காப்பாற்றப் போய், ஒரு முறை தேய்க்க வேண்டியதை இன்னும் அழுத்தித் தேய்க்க வைத்திருக்கிறேன்.

"இனிமே வெளக்க நான் தேய்க்கிறேன். கையால," என்றேன்.

"ஒங்களுக்கு அந்தப் பதம் வராது."

"வர்ற வரைக்கும் தேய்க்கிறேன்."

அவள் பிளாஸ்டர் ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். பிறகு, "குளிச்சிட்டுத்தான் தொடணும்," என்றாள்.

மூடியை அழுத்தி மாட்டினேன். வடிகட்டியை அது பூட்டிக்கொள்ளும்வரை திருகினேன். சுவிட்சைப் போட்டு இருவரும் காத்திருந்தோம். கால் மணி நேரம் கழித்து 'கொறகொற' என்று குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து தையல் மேசைக்குப் போனாள்.

அடுத்த வியாழன் குளித்துவிட்டுப் பின்கட்டில் விளக்குகளோடு உட்கார்ந்தேன். குத்துவிளக்கின் கழுத்து வளையங்களில் கறுப்பு போகவே இல்லை. அவள் தையலை விட்டு எழாமல் ஜன்னல் வழியாகப் பார்த்து, அங்கே இன்னும் அழுத்துங்கள், இங்கே துணியை முறுக்கி விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று விளக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கழுவின தண்ணீரை வீட்டோரக் கால்வாயில் ஊற்றப் போனபோது தையல் மெஷின் சத்தம் நின்றது.

"கொட்டைய எடுத்தீங்களா?"

உள்ளங்கையைத் திறந்து ஜன்னலுக்கு நேராகக் காட்டினேன். ஐந்து கொட்டைகள். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தாள்.