ஏழு தடவை கழுவிய வாசல்

ஜின் இருக்கிறது என்று குர்ஆனில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேய், பிசாசு என்று யாராவது கதை அளக்க வந்தால், இந்தக் கற்பிட்டிப் பக்கத்து மாம்புரி வெயிலில் கருவாடு காயப்போடுகிற என்னைத் தேடி வர அதுகளுக்கு வேறு வேலை இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்கிறவள் நான். தொண்ணூறில் முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு உடுப்புப் பையோடு விரட்டப்பட்டு வந்தவள், மனிதருக்குப் பயந்தே பாதி வயது போய்விட்டது, மற்றதுகளுக்குப் பயப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

எனக்கு ஒரே மகன், ரிஸ்வான். யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் அவனுடைய வாப்பா மௌத்தானார், நாங்கள் இரண்டு பேரும் தனித்துப்போனோம். அந்த நேரம் கற்பிட்டிக் கடலில் பட்டம் கட்டிப் பலகையில் சறுக்குவதற்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள், இவன் ஒரு ஹோட்டல் குசினியில் சேர்ந்தான். கைப்பக்குவம் நல்லது. அங்கே தங்க வந்த ஒருவர் அவன் வைத்த மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு, லாவோஸில் தான் நடத்தும் ஹோட்டலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். லாவோஸ் என்று ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

போன இடத்தில் குசினிப் பின்பக்கம் ஒதுங்கிய ஒரு நாய்க்குட்டிக்கு இவன் சோறு வைத்திருக்கிறான், அது இவனோடு ஒட்டிக்கொண்டது. மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. போனில் படம் படமாக அனுப்புவான். அதற்குப் பெயர் தம்பி. நாயைத் தம்பி என்று கூப்பிட்டால் அதற்கு உம்மா யார் என்று நான் ஏசினேன், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"உம்மா, இங்க என்னோட தமிழ்ல கதைக்க வேற ஆரும் இல்ல. நான் சொல்லுறத எல்லாம் இது ஒண்டுதான் கேட்டுக்கிட்டு இரிக்கி."

சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழி, கிணறு, கருவாட்டு வலை, மூக்கைச் சுளிக்கிற உம்மா எல்லாவற்றையும் அந்த நாய்க்குச் சொல்லியிருக்கிறானாம். அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டு அழுதேன். என் பிள்ளை ஊர்க்கதையை ஒரு நாயிடம் சொல்லிக்கொண்டு கிடக்கிறானே என்றுதான்.

வேலை முடிந்து ஊருக்கு வரப் புறப்பட்டபோதும் அதை விட்டு வர மாட்டேன் என்றான். எங்கள் ஆட்களுக்கு நாயின் ஈரம் பட்டாலே நஜீஸ், அசுத்தம், பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். ஆனால் பெற்றவளுக்கு ஆசை பெரிது. "நாயும் வரட்டும், மாடும் வரட்டும், நீ வந்தாப் போதும் மகன்" என்றேன். அது தண்ணீர் குடிக்க என்று ஒரு நீலப் பேசின் வாங்கிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன், பக்கத்தில் கழுவுவதற்கு நல்ல மண் குவித்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

விமானத்தில் நாயை ஏற்றச் சரிவரவில்லையாம். மலேசியாவில் கப்பல் வேலை செய்கிற கூட்டாளி ஒருவன் அங்கிருந்து கப்பலில் கொழும்புக்கு அனுப்ப வழி பார்க்கிறேன் என்று சொன்னதால் இரண்டு பேரும் தரை வழியாக வெளிக்கிட்டார்கள். பெரிய ஆற்றுப் பாலத்தால் தாய்லாந்துக்குள் வந்தார்கள். அங்கே நாய்க்கு ஊசி போட்ட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம், இவனுக்கு ஊசி போட்ட அட்டையே அகதி முகாமில் தொலைந்துபோனது, நாய்க்கு அட்டை இருக்கிறதா என்று நான் கேட்டேன். பஸ்காரர் ஏற்றாத இடங்களில் மரக்கறி லொறிகளில் வந்தார்கள். முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவில் இவன், இவன் மடியில் அது. ஒவ்வொரு ஊரிலும் இருந்து கதைப்பான், ஒவ்வொரு ஊரும் எனக்குக் கிட்டக் கிட்ட வருகிற மாதிரி இருக்கும்.

மலேசிய எல்லையில் ஏதோ ஒரு கடதாசி குறைகிறது என்று நாயைப் பிடித்து ஒரு கொட்டிலில் அடைத்துவிட்டார்கள். இவன் தாய்லாந்துப் பக்கம் வெளியே நிற்கிறான். நீ மட்டும் வந்துவிடு என்று கெஞ்சினேன். "தம்பிய விட்டுட்டு வர மாட்டன் உம்மா. அது எங்க இரிக்கிதோ அங்கதான் நானும்" என்றான். குரல் காய்ச்சல்காரன் குரலாக இருந்தது. அதற்குப் பிறகு போன் வேலை செய்யவில்லை. ஒரு நாள் போய் இன்னொரு நாள் வந்தது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுக் காலம். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது, பட்டப்பகல் வெளிச்சம், நான் வலையில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கமிருந்து வேலியோரமாக ஒரு நாய் வந்தது. உடம்பெல்லாம் ஈரம். நேரே வரவில்லை. கொஞ்சம் நடக்கும், நிற்கும், திரும்பிப் பார்க்கும், காத்திருக்கும், பிறகு நடக்கும். எசமானோடு வருகிற நாய் அப்படித்தான் நடக்கும், நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆனால் பின்னால் வெறும் மணல், ஒருவரும் இல்லை.

கருவாட்டைத் தாண்டி வந்தது, மோந்துகூடப் பார்க்கவில்லை. மாம்புரியில் அப்படி ஒரு நாயை நான் கண்டதில்லை. வேலிப் படலையடியில் ஒதுங்கி நின்றது, யாரையோ முதலில் உள்ளே விடுகிற மாதிரி. பிறகு அதுவும் உள்ளே வந்து, முன்வாசலுக்குப் போகாமல் வீட்டைச் சுற்றிக் குசினி வாசலுக்குப் போனது. ரிஸ்வான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அந்த வழியாகத்தான் வருவான், முன்வாசல் விருந்தாளிகளுக்கு என்பான். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மடிந்த காது, ஒரு வெள்ளைக் கால். என் வாய் தானாகச் சொன்னது, "தம்பி" என்று. அதன் வால் ஆடியது.

பேசினை நிமிர்த்தித் தண்ணீர் வைத்தேன், குடித்தது. மகனுக்குச் சொல்ல வேண்டுமே என்று போனை எடுக்க உள்ளே ஓடினேன். எடுத்துக்கொண்டு வந்தால் நாய் இல்லை. படலையால் போனதை நான் காணவில்லை. வீட்டைச் சுற்றித் தேடினேன். தொழுகை நேரம் போகிறது, நான் தொழுகிற இடம் குசினிக்குள்தான், வாசல் சீமெந்தெல்லாம் ஈரக் கால் தடம். காலமெல்லாம் பழகிய கை, அது என்னைக் கேட்கவில்லை. மண்ணைக் கரைத்து ஊற்றிவிட்டது.

ஊற்றுகிற நேரம்தான் கண்டேன். நாயின் தடங்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் வெறுங்காலோடு நடந்து வந்த தடம் இருந்தது. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. சின்ன வயதில் தோணி இழுக்கும்போது நசுங்கி, ரிஸ்வானுக்கு அந்த விரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மண் தண்ணீர் அதன் மேலால் போனது. அது என் கால்தான், என் கால்தான் என்று சொல்லிக்கொண்டே மிச்சத் தடவைகளையும் ஊற்றினேன். என் காலில் எல்லா விரலும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மேரியக்கா வன்னியிலிருந்து வந்தவர், நாய் வளர்க்கிறவர். அப்படி ஒரு நாய் இந்தப் பக்கமே இல்லை என்றார். அன்று பின்னேரம் தன் நாய்கள் இரண்டும் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டன, கூப்பிட்டும் வரவில்லை என்றார்.

சில நாள் கழித்து ரிஸ்வான் கதைத்தான். காய்ச்சலில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். என் வாசலுக்கு நாய் வந்த அதே நாளில்தான் தம்பி கொட்டிலில் செத்துப்போனதாம். நினைவு வந்ததும் போய் அதை வாங்கி, எல்லைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் புதைத்திருக்கிறான். அதைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவது என்று அழுதான். நான் நடந்தது ஒன்றையும் சொல்லவில்லை, அவனாகத்தான் சொன்னான்:

"காய்ச்சல்ல ஒரு கனவு உம்மா. நானும் தம்பியும் வீட்டுக்கு வந்துட்டம். குசினி வாசல்ல காலை வெச்சா நீங்க தண்ணிய ஊத்துறீங்க. ஊத்திக்கிட்டே இரிக்கிறீங்க. எனக்குக் கால் வழுக்குது, நிக்க ஏலல்ல. தம்பி மட்டும் உள்ள போயிட்டு."

"புறகு?"

"அது வெளிய வரல்ல உம்மா."

போனோடு எழும்பிக் குசினி வாசலுக்குப் போனேன். அங்கே நின்றுகொண்டு சொன்னேன், "அது இங்கதான் இரிக்கி மகன். நீ வா." அவன், அதுக்குத் தண்ணி வையுங்க உம்மா என்று மட்டும் சொன்னான்.

இன்னும் வரவில்லை. அந்த எல்லையூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான், வாறன் வாறன் என்கிறான். நாய் இருக்கிற வீட்டுக்கு ரஹ்மத்துடைய மலக்குகள், அருள் கொண்டு வருகிற வானவர்கள், வர மாட்டார்கள் என்று ஓதிப் படித்தவள் நான். மலக்குகள் கோபிக்கக் கூடாது, அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கு மகன் வர வேண்டும். பேசினை நிரப்பி வைக்கிறேன். சில நாள் அஸருக்குப் பிறகு பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும், சீமெந்தில் ஈரத் தடமும் இருக்கும், நாயின் தடம் மட்டும். பக்கத்தில் இன்னொரு கால் இருக்கிறதா என்று குனிந்து தேடுவேன். தொழுகையை நடு அறைக்கு மாற்றிவிட்டேன். அந்த வாசலை இப்போது நான் கழுவுவதே இல்லை.